புது ஊர் தேடி ஒரு கார்ப் பயணம்: நான்கு நாளில் மூன்று ஊர்களை எடைபோடுவது எப்படி?

வேறு ஊருக்குக் குடிபோகலாம் என்ற எண்ணம் வந்ததும் பலர் விடுமுறையில் அங்கே ஒரு நடை போய் வருகிறார்கள். நல்ல அறையில் தங்கி, பெயர்பெற்ற இடங்களைச் சுற்றிப் பார்த்து, "அருமையான ஊர்" என்று சொல்லிக்கொண்டே திரும்புகிறார்கள். அந்த ஊரின் திங்கட்கிழமை எப்படி இருக்கும் என்பது குடிபோன மூன்றாவது மாதம்தான் தெரிகிறது.

நானும் மனைவியும் அந்தத் தவறுக்கு மிக அருகில் போனோம். ஒரு ஞாயிறு மதியம் பார்த்த வீடு எங்களுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. மரநிழல், நல்ல காற்று, ஆளரவமே இல்லாத தெரு. முன்பணம் வரை பேச்சு போன பிறகு, எதற்கும் ஓர் இரவு பக்கத்தில் தங்கிப் பார்ப்போம் என்று மனைவி சொன்னார். மறுநாள் காலை ஆறரை மணிக்குப் பின்தெருவில் கல் அறுக்கும் பட்டறை ஓட ஆரம்பித்தது. சாயங்காலம் வரை அது நிற்கவில்லை. அந்த ஓர் இரவு எங்களுக்குப் பல வருட அவதியை மிச்சப்படுத்தியது.

ஊர் பார்க்கப் போகிறவர்கள் அங்கே ஒரு சாதாரண நாளை வாழ்ந்து பார்த்துவிட்டு வர வேண்டும். கீழே சொல்லும் எல்லாமே அதற்கான ஏற்பாடுதான்.

முதல் படி: ஏன் மாறுகிறோம் என்று எழுதுங்கள்

வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் தனித்தனித் தாளில் எழுதட்டும். குழந்தைகளும் எழுதட்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. பிறகு எல்லாத் தாள்களையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஒருவர் சம்பளத்துக்காக மாற நினைத்திருப்பார், இன்னொருவர் அம்மா அப்பாவுக்குப் பக்கத்தில் இருப்பதற்காக. இந்த வேறுபாடு காருக்குள் மூன்றாம் நாள் வெடிப்பதைவிடச் சாப்பாட்டு மேசையில் முன்கூட்டியே வெளிவருவது நல்லது.

அப்புறம் இரண்டு பட்டியல்கள் போடுங்கள். ஒன்று, "இது இல்லாவிட்டால் அந்த ஊரே வேண்டாம்." அதில் ஐந்துக்கு மேல் எழுதாதீர்கள். மற்றது, "இருந்தால் நல்லது." அதில் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். முதல் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் நேரில் சோதித்து ஆம், இல்லை என்று சொல்லக்கூடிய வகையில் எழுத வேண்டும். "நல்ல மருத்துவ வசதி" என்று எழுதினால் எல்லா ஊரும் தேறிவிடும். "இரவு இரண்டு மணிக்கும் சி.டி. ஸ்கேன் எடுக்கும் மருத்துவமனை 40 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும்" என்று எழுதினால் சில ஊர்கள் அங்கேயே விழுந்துவிடும். பக்கவாதம் வந்தால், மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளும் நேரமும் ஸ்கேன் உள்ளிட்ட பரிசோதனை நேரமும் அதற்குள் அடக்கம். வயதானவர்கள் வீட்டில் இருந்தால், என்னைப் பொறுத்தவரை இந்த ஒரு வரிதான் பட்டியலின் தலைப்பில் நிற்க வேண்டும்.

தட்பவெப்பத்துக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்பதில் கவனம் தேவை. 1998இல் டேவிட் ஷ்கேட், டேனியல் கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள், வெயிலும் கடலும் உள்ள கலிஃபோர்னியாவிலும் கடும் குளிர் அடிக்கும் அமெரிக்க நடுமேற்கிலும் படிக்கும் மாணவர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். தங்கள் வாழ்க்கையில் எவ்வளவு திருப்தி என்பதில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சொன்னது. ஆனால் கலிஃபோர்னியாக்காரர்கள்தான் கூடுதல் சந்தோஷமாக இருப்பார்கள் என்று இரு தரப்புமே நினைத்தது. ஒரு விஷயத்தை மட்டும் உற்றுப் பார்க்கும்போது அது வாழ்க்கையையே நிரப்பிவிடும்போலத் தோன்றுகிறது. ஆகவே "குளுகுளு ஊர்" என்று எழுதியிருந்தால், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் நீங்கள் வெளியே இருக்கிறீர்கள் என்று பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

இதற்கு நேர்மாறாக, பலரும் இலேசாக எடுத்துக்கொள்வது வேலைக்குப் போய்வரும் நேரத்தை. போக அரை மணி, வர அரை மணி கூடினால் நாளுக்கு ஒரு மணி நேரம். ஆண்டுக்கு 240 வேலை நாள் என்றால் 240 மணி நேரம், அதாவது இரவும் பகலுமாகப் பத்து முழு நாட்கள். ஜெர்மானியக் குடும்பங்களின் தரவுகளை வைத்து அலோயிஸ் ஸ்டட்சர், புரூனோ ஃப்ரை என்ற பொருளியலாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், நீண்ட தூரம் போய்வருபவர்கள் வாழ்க்கையில் குறைவான திருப்தியையே தெரிவித்திருந்தார்கள். கூடுதல் சம்பளமோ பெரிய வீடோ அந்த இழப்பை முழுமையாக ஈடுகட்டவில்லை.

இரண்டாம் படி: வீட்டில் உட்கார்ந்தபடியே பாதியைக் கழித்துவிடுங்கள்

மனத்தில் எட்டுப் பத்து ஊர்கள் இருக்கலாம். காரில் போய்ப் பார்க்க வேண்டியவை மூன்றுதான். மீதியை வரைபடமும் தொலைபேசியும் கழித்துக்கொடுக்கும்.

வரைபடச் செயலியில் வேலைநாள் காலை எட்டரை மணி என்று நேரத்தைப் போட்டு, வீடு பார்க்கும் பகுதியிலிருந்து அலுவலகம் வரை எவ்வளவு நேரமாகும் என்று கேளுங்கள். பிறகு செயற்கைக்கோள் படத்துக்கு மாறி, அந்தப் பகுதியைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். குப்பைக் கிடங்கு, கல்குவாரி, ஆலைக் கூரைகள், ரயில்வே கேட், விமான ஓடுபாதையின் நேர்கோடு எல்லாம் மேலிருந்து பார்த்தால் தப்பாது. கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களும் கிடைக்கும். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நீர்நிலையாக இருந்த இடத்தில் இப்போது வீட்டுமனைகள் தெரிந்தால், தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

வெள்ளத்தைப் பற்றி இன்னொன்று. "நூறாண்டு வெள்ளம்" என்ற சொல்லைக் கேட்டால், நம் காலத்தில் வராது என்று தோன்றும். அதன் பொருள், எந்த ஓர் ஆண்டிலும் அது வர நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதுதான். 30 ஆண்டுகள் அங்கே குடியிருந்தால், ஒரு முறையாவது அதைச் சந்திக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 26 சதவீதம். நான்கில் ஒன்றைவிடக் கொஞ்சம் அதிகம்!

வானிலைத் துறைகள் பொதுவாக 30 ஆண்டுச் சராசரியை வெளியிடுகின்றன. அதில் ஆண்டுச் சராசரியை விட்டுவிட்டு, மிக மோசமான மாதத்தின் எண்களை மட்டும் பாருங்கள். அந்த மாதத்தையும் நீங்கள்தான் அங்கே கழிக்கப்போகிறீர்கள். மலையூர் என்றால், ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை ஏறக்குறைய 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்ற கணக்கு கைகொடுக்கும். காற்றின் தரத்திலும் மோசமான மாதத்தைத்தான் பார்க்க வேண்டும். பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள், ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த வரம்பு. பெரும்பாலான நகரங்கள் அதைத் தாண்டித்தான் நிற்கின்றன. ஆகவே இப்போது இருக்கும் ஊரின் எண்ணையும் புது ஊரின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மூன்று ஊர்கள் மிஞ்சியதும் பள்ளிகளையும் வீட்டுத் தரகர்களையும் தொலைபேசியில் அழைத்து, இரண்டு வாரம் முன்பே நேரம் வாங்கிவிடுங்கள். பள்ளியில் உங்கள் பிள்ளையின் வகுப்பில் இடம் இருக்கிறதா என்ற ஒரே கேள்வி, சில ஊர்களைப் பார்க்கப் போகும் வேலையையே மிச்சப்படுத்தும்.

மூன்றாம் படி: நாட்களும் வழித்தடமும்

நான்கு நாள், மூன்று இரவு, ஊருக்கு ஓர் இரவு. புதன்கிழமை காலை புறப்பட்டுச் சனிக்கிழமை மாலை வீடு திரும்புவது எனக்குச் சரியாக வந்த கணக்கு. ஒவ்வொரு ஊருக்கும் மதியம் போய்ச் சேர்ந்து, மாலை, இரவு, மறுநாள் காலை மூன்றையும் பார்த்துவிட்டு, மதியம் அடுத்த ஊருக்குக் கிளம்பலாம்.

மிகவும் நம்பிக்கை தரும் ஊரை நடுவில் வையுங்கள். முதல் ஊரில் எதைப் பார்ப்பது, யாரிடம் கேட்பது என்று பழகுவதிலேயே பாதி நேரம் போய்விடும். கடைசி ஊருக்குப் போகும்போது உடம்பு களைத்திருக்கும், மனம் வீட்டுக்குத் திரும்பியிருக்கும். நடு ஊருக்குத்தான் பழகிய கண்ணும் தெம்பும் சேர்ந்து கிடைக்கும். இன்னொரு வசதி, வியாழன் மாலையும் வெள்ளி காலையும் முழு வேலைநாள் நெரிசலை அங்கே பார்த்துவிடலாம்.

வழித்தடம் வட்டமாக இருந்தால் நல்லது, போன வழியிலேயே திரும்ப வேண்டியதில்லை. ஊருக்கும் ஊருக்கும் இடையே மூன்று மணி நேர ஓட்டத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை 15 நிமிடமாவது நிறுத்துங்கள். இது பாதுகாப்புக்கு மட்டுமல்ல, எட்டு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்குபவருக்கு எந்த ஊரும் பிடிக்காது. அது அந்த ஊருக்குச் செய்யும் அநியாயம். இருட்டுவதற்குள் போய்ச் சேருங்கள்.

சாலையையும் கவனியுங்கள். அவசரத்துக்குச் சொந்த ஊர் போக வேண்டியிருந்தால் இதே சாலைதான். கார் இல்லாமல் போக வேண்டியிருந்தால் என்ன வழி என்பதையும் போகிற போக்கில் பேருந்து நிலையத்திலோ ரயில் நிலையத்திலோ விசாரித்து வையுங்கள்.

தங்குவது எங்கே என்பது இந்தப் பயணத்தின் பெரிய முடிவு. நெடுஞ்சாலை ஓர விடுதியும் சுற்றுலாப் பகுதி அறையும் ஊரைக் காட்டாது. குடியிருக்க நினைக்கும் அதே பகுதியில், முடிந்தால் சமையலறையோடு ஒரு வீடோ சிறு அறையோ எடுங்கள். தெருப்பக்கம் ஜன்னல் இருக்கட்டும். சமைக்க வேண்டுமென்றால் கடைக்குப் போக வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், குப்பையை எங்கே போடுவது என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விகளில்தான் ஊர் தெரியும்.

வண்டிக்கு வழக்கமான சோதனைகள் போதும்: டயர் காற்று, ஸ்டெப்னி, பிரேக், ஆவணங்கள். இணையம் இல்லாமலும் வேலை செய்யும்படி வரைபடத்தை முன்பே தரவிறக்கி வையுங்கள்.

நான்காம் படி: ஊருக்குள் கழியும் 24 மணி நேரம்

போய் இறங்கியதும் தரகரைக் கூப்பிடாதீர்கள். அவர் காட்டும் வழியில் போனால் அவர் காட்ட விரும்பும் ஊரைத்தான் பார்ப்பீர்கள். முதலில் காரை நிறுத்திவிட்டு, குடியிருக்க நினைக்கும் இடத்திலிருந்து எந்தத் திசையிலாவது 15 நிமிடம் நடந்து, வேறு வழியாகத் திரும்புங்கள். மருந்துக்கடை, காய்கறி, பேருந்து நிறுத்தம், குழந்தைகள் விளையாடும் இடம் எதெல்லாம் கண்ணில் படுகிறது? நடைபாதை தொடர்ச்சியாக இருக்கிறதா? தள்ளுவண்டியில் குழந்தையோடும் கைத்தடியோடும் யாராவது தனியாக நடக்கிறார்களா? அப்படி நடப்பவர்களைப் பார்த்தால், அந்தத் தெருக்களைப் பற்றி வேறு யாரிடமும் அதிகம் கேட்க வேண்டியதில்லை.

மாலை ஐந்தரைக்குக் காரை எடுத்து, அலுவலகம் இருக்கப்போகும் இடத்திலிருந்து தங்கும் இடத்துக்கு ஓட்டுங்கள். மறுநாள் காலை அதே பாதையை எதிர்த்திசையில், வேலைக்குப் போகும் நேரத்தில். கடிகாரம் பார்த்து எழுதுங்கள். செயலி சொன்ன நேரத்தோடு வாகன நிறுத்தம் தேடும் நேரத்தையும், இறங்கி நடக்கும் நேரத்தையும் சேர்த்தால் வருவதுதான் உண்மையான கணக்கு.

இரவு பத்தரைக்கு மேல் ஜன்னலைத் திறந்துவைத்துப் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கைப்பேசியில் ஒலி அளக்கும் செயலி துல்லியமாக இருக்காது, ஆனாலும் ஒரே கைப்பேசியால் மூன்று ஊர்களையும் அளந்தால் ஒப்பிட உதவும். சாலைப் போக்குவரத்தின் இரவு ஒலி, வீட்டுக்கு வெளியே இரவுச் சராசரியாக 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2018இல் பரிந்துரைத்தது. அதிகாலையிலும் ஒரு முறை எழுந்து கேளுங்கள். லாரி எந்த மணிக்குப் போகிறது, ஆலைச் சங்கு ஊதுகிறதா, நாய்கள் எப்படி? வாசனையையும் குறித்துக்கொள்ளுங்கள். காற்று திசை மாறும்போது சாக்கடையும் ஆலையும் தங்களை அறிவித்துக்கொள்ளும்.

காலை வெளிச்சத்தில் மதில்களின் அடிப்பகுதியைப் பாருங்கள். ஒரே உயரத்தில் வரிசையாகப் பல சுவர்களில் கறைக்கோடு ஓடினால் அது தண்ணீர் நின்ற மட்டம். வீட்டுவாசல்கள் தெருவைவிட மூன்று நான்கு படி உயர்ந்திருந்தால், ஏன் உயர்த்தினார்கள் என்று யாரையாவது கேளுங்கள். மழைநீர் வடிகால் எங்கே தொடங்கி எங்கே போய்ச் சேர்கிறது என்று கண்ணால் தொடர முடிகிறதா என்றும் பாருங்கள். பயணத்தில் மழை பிடித்துக்கொண்டால் வருத்தப்படாதீர்கள், உடனே குடையை எடுத்துக்கொண்டு வெளியே போங்கள். அந்த அரை மணி நேரத்தில் தெரிவது வேறெப்படியும் தெரியாது.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் ஒரு சிறு டி.டி.எஸ். மீட்டர் கையில் வைத்திருங்கள். லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் குடிக்க நன்றாக இருக்கும், 1,000ஐத் தாண்டினால் சுவை கெட்டுவிடும். இது சுவையைப் பற்றிய அளவுதான், கிருமி இருக்கிறதா என்பதை மீட்டர் சொல்லாது. குழாய் முனையிலும் ஷவரிலும் வெள்ளைப் படிவு கெட்டியாக ஒட்டியிருந்தால் தண்ணீர் கடினம் என்று பொருள்.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் சிக்னலைக் கோடுகளில் பார்க்காமல் எண்ணில் பாருங்கள். கைப்பேசி அமைப்புகளில் அந்த எண் மைனஸ் குறியோடு இருக்கும், பூஜ்ஜியத்துக்கு அருகே வர வர நல்லது. 4ஜி-யில் மைனஸ் 90 என்றால் நிம்மதி, மைனஸ் 110 என்றால் பேச்சு அறுபடலாம். சோதனையைக் கதவு மூடிய உள்ளறையில் செய்யுங்கள். எல்லோரும் வீட்டில் இருக்கும் இரவு எட்டு மணிக்கும் ஒரு முறை செய்யுங்கள். டவுன்லோடு வேகத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். வீடியோ அழைப்பில் நம் முகம் உறையாமல் இருக்க அப்லோடு வேகமும் முக்கியம், 3, 4 எம்.பி.பி.எஸ். இருந்தால் நிம்மதி.

மருத்துவமனைக்கு ஒரு முறை நேரில் ஓட்டிப் போங்கள். உள்ளே போய் விசாரணை மேசையில் இரவு அவசரப் பிரிவில் யார் இருப்பார்கள், ஸ்கேன் உண்டா என்று நேராகவே கேளுங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: பேசுங்கள், ஆனால் சரியான கேள்வியோடு

"ஊர் எப்படி?" என்று கேட்டால் "நல்ல ஊர்" என்றுதான் பதில் வரும். யாரும் அந்நியரிடம் தன் ஊரை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். "இங்கே வந்த பிறகு எது பழகச் சிரமமாக இருந்தது?" என்று கேளுங்கள். "போன வருடம் எத்தனை நாள் தண்ணீர் வரவில்லை?" "இந்தத் தெருவைவிட்டு யாராவது போனார்களா, எதனால்?" இப்படி நடந்ததைக் கேட்டால் நடந்தது வரும்.

ஒரே ஆளிடம் நிற்காதீர்கள். மருந்துக்கடைக்காரருக்கு ஊரின் நோய்கள் தெரியும். பொருள் கொண்டுதரும் இளைஞருக்கு எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும், எங்கே விளக்கு எரியாது என்று தெரியும். நூலகத்தில் இருப்பவருக்கும் பள்ளி வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும் பெற்றோருக்கும் பேச நேரம் இருக்கும். என் அனுபவத்தில் மிகவும் உதவியவர்கள், வெளியூரிலிருந்து வந்து ஓரிரு ஆண்டு ஆனவர்கள். பழைய ஊரை அவர்கள் இன்னும் மறக்கவில்லை, புது ஊரும் புரிய ஆரம்பித்திருக்கிறது.

குழந்தைகளை அழைத்துப் போகிறீர்கள் என்றால் அவர்களுக்கும் ஒரு வேலை கொடுங்கள். பூங்காவுக்கு அவர்களே மதிப்பெண் போடட்டும், பள்ளியில் ஒரு கேள்வி அவர்களே கேட்கட்டும். வயதானவர்களால் நான்கு நாள் காரில் உட்கார முடியாதென்றால், நடு ஊருக்கு மட்டுமாவது பிறகு தனியாக அழைத்துப் போங்கள். வாழப்போகும் வீட்டின் படியை அவர்கள் ஏறிப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது.

ஆறாம் படி: இரவுக் குறிப்பு

ஒவ்வோர் இரவும் தூங்கும் முன் பத்து நிமிடம், ஆளுக்கொரு குரல் பதிவு. அதையும் தனித்தனியாகவே செய்யுங்கள். சேர்ந்து பேசினால் வாய் வலுத்தவரின் கருத்தே எல்லோர் கருத்தும் ஆகிவிடும். முதல் பட்டியலின் ஐந்து வரிகளுக்கும் ஆம், இல்லை என்று சொல்லிவிட்டு, "இன்று எனக்கு எரிச்சல் தந்தது எது" என்பதையும் ஒரு வரி சொல்லுங்கள். அன்றன்றே செய்ய வேண்டும். ஓர் அனுபவத்தைப் பின்னால் நினைக்கும்போது அதன் உச்சமும் முடிவும்தான் மனத்தில் மேலோங்கி நிற்கும் என்பது கானமனும் உடன் ஆய்வாளர்களும் காட்டிய இன்னொரு விஷயம். கடைசி மாலையில் அழகான சூரிய அஸ்தமனம் வாய்த்துவிட்டால், அந்த ஊரின் காலை நெரிசல் மறந்தே போகும்.

சலிப்பான படங்களாக எடுங்கள்: மின்கம்பம், வடிகால், குப்பைத்தொட்டி, பள்ளி வாசல், வீட்டு மின் இணைப்புப் பெட்டி. ஏரியின் படம் இணையத்திலேயே கிடைக்கும்.

இந்தப் பயணத்தில் எதற்கும் முன்பணம் கொடுப்பதில்லை என்று கிளம்பும் முன்பே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுங்கள். "இன்னொருத்தர் கேட்டுக்கொண்டிருக்கிறார்" என்று தரகர் சொல்லும்போது, அந்த வாக்கு உங்களைக் காப்பாற்றும்.

ஏழாம் படி: திரும்பி வந்த பிறகு

இரண்டு வாரம் எதுவும் முடிவு செய்யாதீர்கள். அதற்குப் பிறகு குரல் பதிவுகளை எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். முதல் பட்டியலில் ஒரு "இல்லை" வாங்கிய ஊரை, மற்றது எவ்வளவு பிடித்திருந்தாலும் எடுத்துவிடுங்கள். இரண்டு ஊர்கள் சமமாக நின்றால், வீட்டில் உள்ளவர்கள் எரிச்சல் என்று சொன்னவற்றில் எது தினமும் வரும், எது ஆண்டுக்கொரு முறை வரும் என்று பிரித்துப் பாருங்கள். தினமும் வருவது சிறியதாக இருந்தாலும் அதற்கே கூடுதல் எடை போடுவேன்.

மிஞ்சும் ஒரே ஊருக்கு, அதன் மோசமான மாதத்தில் இன்னொரு முறை போங்கள். அந்தப் பயணத்தில் ஒரு வாரம் தங்கி அங்கிருந்தே வேலை பாருங்கள், பள்ளி நேரத்துக்கு எழுந்திருங்கள். அதற்குப் பிறகும் சரி என்று பட்டால், சொந்த வீட்டைப் பற்றி யோசிக்காமல் முதல் ஓராண்டு வாடகைக்குப் போவது நல்லது. முடிந்தால் பழைய வீட்டையும் இரண்டு மூன்று மாதம் கைவிடாமல் வைத்திருங்கள்.

அந்த இரண்டாம் பயணத்தில் எங்கே போவது, யாரைப் பார்ப்பது என்று தீர்மானிக்கும் பொறுப்பை, வீட்டில் யாருக்கு அந்த ஊர் குறைவாகப் பிடித்ததோ அவரிடம் கொடுங்கள். மற்றவர்கள் பார்க்கத் தவறிய இடங்களுக்கு அவர்தான் வண்டியைத் திருப்புவார்.